எதிர்க்கடை ஓரகத்தி

ஜெயபாரதியைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல ரங்கநாதன் தெருவில் ஆள் பஞ்சமே இல்லை. பூக்காரியைக் கேளுங்கள், டீக்கடை பீர் முஹம்மதுவைக் கேளுங்கள், மாம்பலம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவரைக் கேளுங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் சொல்வார்கள். நான் அவளுடைய ஓரகத்தி. என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவின் தம்பி சுயம்புலிங்கம்தான் அவள் புருஷன். பதினோரு வருஷமாக அவளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். பிரியமாக இருக்கிறவர்கள் ஒருத்தியை இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடையாது.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அறுபத்திரண்டில் திசையன்விளையிலிருந்து வந்து அந்தத் தெருவில் கடை பிடித்தார். எட்டடி அகலம். உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். சேலை கிடையாது, வேட்டி கிடையாது. ரவிக்கைத் துணி மட்டும். இரண்டு பக்கச் சுவரிலும் கட்டுக் கட்டாக நிறம் வாரியாக அடுக்கியிருக்கும். அரக்கில் ஆரம்பித்து, மிளகாய்ப்பழச் சிவப்பு, வெங்காய நிறம், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று போய், கடைசியில் வாடாமல்லியில் முடியும். பெண்கள் சேலையைப் பையில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதே நிறத்தில் ரவிக்கைக்குத் துணி வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். கடைக்குள் குண்டு பல்பு வெளிச்சத்தில் பச்சை நீலமாகத் தெரியும், அரக்கு கறுப்பாகத் தெரியும். அதனால் முந்தானையையும் துணிக்கட்டையும் தூக்கிக்கொண்டு வாசல்படிக்கு வந்து வெயிலில் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால்தான் கத்தரிக்கோலை எடுப்பார் என் வீட்டுக்காரர். தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கும். ‘வெட்டிய துணி திரும்ப எடுக்கப்பட மாட்டாது.’ அந்தத் தொழிலில் அதுதான் சட்டம். அப்படித் திரும்ப எடுத்தால் எவன் பிழைப்பான்?

ஜெயபாரதி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது அறுபத்தெட்டு தை மாதம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். என் மாமியார் ஊரெல்லாம் அந்தப் பாஸைச் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. நான் ஆறாம் வகுப்பு. சரி, படிப்பு யாருக்கு வேண்டும், சோறு ஆக்கத் தெரிகிறதா பார்ப்போம் என்றிருந்தேன். சோறும் நன்றாகத்தான் ஆக்கினாள்.

அப்போது எல்லோரும் ஒரே வீட்டில், மேட்லி ரோட்டுப் பக்கம் இரண்டு அறையில் இருந்தோம். மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கடைக்கு எடுத்துக்கொண்டு போவேன். வாசலோடு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பெண்பிள்ளை கடைக்குள் வரக்கூடாது என்பது என் வீட்டுக்காரரின் ஏற்பாடு. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஜெயபாரதி கேரியரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று கடையில் ஒரு அம்மாள் சிமெண்டு நிறத்தில் ஒரு சேலையை வைத்துக்கொண்டு அரை மணி நேரமாகப் படுத்திக்கொண்டிருந்தாளாம். என் வீட்டுக்காரர் ஏழு கட்டுகளைப் பிரித்து வெயிலில் காட்டிவிட்டார். ஒன்றும் ஒட்டவில்லை. இவள் கேரியரை வைத்துவிட்டுச் சும்மா வரவேண்டியதுதானே? உள்ளே மேல்தட்டில் இருந்த ஒரு கட்டைக் கையைக் காட்டி, “அதை எடுத்துப் பாருங்கத்தான், சாம்பல்ல ஒரு துளி ரோஸ் இருக்கு” என்றாளாம். எடுத்தார். வெயிலில் வைத்தார். எது சேலை எது துணி என்று தெரியவில்லையாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார், சொன்னார், ரசம் ஆறிப்போகிற வரைக்கும் சொன்னார். “பாரதிக்குக் கண்ணு கண்ணுதான்” என்றார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் என் கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அன்றைக்குப் பிடித்ததுதான். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, இது விடவில்லை.

அதற்குப் பிறகு அவள் தினமும் கடைக்குப் போனாள். பெண்பிள்ளை கடைக்குள் வரக்கூடாது என்று சொன்ன அதே மனுஷன் அவளுக்கு ஒரு முக்காலி வாங்கிப் போட்டார். மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சேலையே கொண்டுவராமல் வருவார்கள். “போன பொங்கலுக்கு ஒரு பச்சை எடுத்தேனே” என்பார்கள். அவளுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தடவை பார்த்த நிறத்தை ஒரு வருஷம் கழித்துக் கேட்டாலும் சரியாக எடுத்துக் கொடுப்பாள். நானும் ஒரு வாரம் அவளோடு போய் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கிளிப்பச்சையும் தெரிந்தது, ராமர் பச்சையும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் பதினெட்டுப் பச்சை இருக்கிறது என்றாள். எனக்கு எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.

ஒரு விஷயத்தில்தான் எனக்கு ஆறுதல். எனக்கு இரண்டு பையன்கள். அவளுக்கு மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போகும்போது மற்றவர்கள் அவளை அதைப்பற்றிக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். சொல்லக்கூடாதுதான், ஆனால் இருந்தது. எழுபத்தொன்றில் அவளுக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு பெண் பிறந்தது. அந்த ஆறுதலும் போயிற்று.

அதே வருஷம் சுயம்புலிங்கம் தனியாகக் கடை வைத்தான். சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பெருகிவிட்டன, ஒரு கடை இரண்டு குடும்பத்தைத் தாங்காது என்று அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார்கள். நேர் எதிரே குடை ரிப்பேர்க் கடை காலியாயிற்று. அட்வான்ஸுக்கு ஜெயபாரதி கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷம் முன்பு பக்கத்துக் கடையைச் சேர்த்துப் பிடிக்கலாம் என்று என் சங்கிலியைக் கேட்டிருந்தார். நான் கொடுக்கவில்லை. அதை அவர் அன்றைக்கும் குத்திக்காட்டவில்லை, என்றைக்கும் குத்திக்காட்டவில்லை. அவர் குணம் அப்படி. ஆனால் தம்பியின் கடைத் திறப்பு அன்று அவர் ஜெயபாரதியின் வெறுங்கழுத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

சின்ன முதலாளியம்மாள் ஜெயபாரதி எதிர்க்கடைக்குப் போய்விட்டதும் எங்கள் கடை முக்காலியில் நான் உட்கார்ந்தேன். வீம்புக்குத்தான். அவள் எதிரே. நான் இங்கே.

அந்தத் தெரு கிழக்கு மேற்காகப் போகிறது. எங்கள் கடை வடக்கு வரிசை, அவர்கள் கடை தெற்கு வரிசை. ஆவணிக்குப் பிறகு வெயில் எங்கள் வாசலில்தான் விழும். அவர்கள் வாசலில் அவர்கள் கட்டடத்தின் நிழலே கிடக்கும். நிறம் பார்க்க வெயில் இல்லாமல் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டு மனசு குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? வாடிக்கைக்காரியையும் துணியையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து என் வாசலில் நின்று பார்த்தாள். “அக்கா, ஒரு நிமிசம்” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு. ஒரு நாளைக்கு முப்பது தடவை. நான் காலையும் மத்தியானமும் படியில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிப் பார்த்தேன். ஈரத்தில் நின்று பார்த்தார்கள். என் படி, என் வெயில், வியாபாரம் அவளுக்கு.

மழைக்காலத்தில் வெயிலே இருக்காதே, அப்போதாவது கஷ்டப்படுவாள் என்று பார்த்தால், அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். மழை நாளில் துணி வாங்குகிறவர்களிடம், “வெயில் அடிச்சதும் சேலையோட வச்சுப் பாருங்க. ஒத்து வரலன்னா வெட்டின துணியாயிருந்தாலும் கொண்டாங்க, வாங்கிக்கிடுதேன்” என்று சொல்லி அனுப்பினாள். வெட்டின துணியைத் திரும்ப எடுக்கிறாள் என்ற சேதி பாண்டி பஜார் வரைக்கும் போயிற்று. நான் கைகொட்டிச் சிரித்தேன். ஆறு மாதத்தில் கடையை மூடிவிட்டுத் திசையன்விளைக்கு ரயில் ஏறுவாள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் இன்னும் இரண்டு துணி வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த துண்டுகளை ஒரு கூடையில் போட்டுக் குழந்தைச் சட்டைக்கு விற்றாள்.

எங்கள் கடையில் ஈ ஓட்டினோம். இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் கரும்புச்சாறு போடுகிறவன் இருந்தான், நிஜமாகவே ஈ. எழுபத்துநாலு ஆடி மாதம் என் வீட்டுக்காரர் ஒருநாள் கடையைப் பூட்டும்போது நிதானமாகச் சொன்னார். “இந்தத் தீவாளி பாப்போம் லட்சுமி. ஓடலன்னா மூடிருவோம். தம்பி கூப்பிடுதான். அங்கபோய் நாம ரெண்டு பேரும் கூடமாட நிப்போம்.”

எனக்கு அந்த ராத்திரி தூக்கம் இல்லை. கடை போவதுகூடப் பரவாயில்லை. நான் அவள் கடையில் நிற்பதா? அவள் கல்லாவில் உட்கார்ந்திருக்க, நான் துணி மடித்துப் போடுவதா? தெருவில் எல்லோரும் பார்க்க? கடை மூடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதைவிட அதிகமாக அவள் கடை முதலில் மூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த வேண்டுதலில் எனக்கு மனசு கூடுதலாக இருந்தது என்று கேட்டால், இரண்டாவதில்தான்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

எங்கள் கடையில் புளித்தண்ணி நிறத்தில் இரண்டு கட்டு கிடந்தது. காவியும் இல்லை, பாக்கு நிறமும் இல்லை, புளியைக் கரைத்து வைத்த மாதிரி ஒரு நிறம். இரண்டு வருஷம் முன்பு மலிவாக வருகிறதே என்று என் வீட்டுக்காரர் எடுத்துப் போட்டது. ஒருத்தியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. நான் அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு கட்டைப் பிரித்து, ரவிக்கை அளவுக்குப் பதினோரு துண்டு வெட்டினேன். தேவானையைக் கூப்பிட்டேன். அவள் காலையில் எங்கள் வரிசைக் கடைகளுக்கெல்லாம் பெருக்குகிறவள், சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தாள். அவள் பக்கத்துக் குடிசைப் பெண்கள் ஆளுக்கு ஒரு துண்டாக எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போக வேண்டும். மழையில் வாங்கியது, நிறம் ஒத்து வரவில்லை என்று சொல்லிக் காசை வாங்கிக்கொள்ள வேண்டும். காசை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவள் காசு வேண்டாம், அவளுக்கு நஷ்டம் வந்தால் போதும்.

தேவானைக்கு அது பிடிக்கவில்லை. “இன்னாம்மா இது, வாங்காத துணியப் போய் திருப்பிக் குடுன்றியே” என்றாள். நான் அவளுக்கு ஒரு பழைய சேலை கொடுத்தேன். போனாள்.

வெயில் வந்த நாட்களில் ஒன்றும் இரண்டுமாகப் பதினோரு துண்டும் எதிரே போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருத்தியும் உள்ளே போவதையும் காசோடு வெளியே வருவதையும் நான் முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் துணி, என் கத்தரிக்கோல், எனக்கு ஒரு பைசா வரவு இல்லை. ஆனாலும் அந்த நாலைந்து நாள் எனக்குச் சோறு ருசியாக இறங்கியது. கடைசித் துண்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று தேவானை என் பக்கத்தில் வந்து குரலை இறக்கிச் சொன்னாள்.

“அந்தம்மா ஒண்ணுமே கேக்கலம்மா. துணிய வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துச்சி, மடிச்சி வச்சிச்சி, காசக் குடுத்துச்சி. எல்லார்க்கும் அதே மாதிரிதான். எனுக்கு இன்னாமோ பயமா கீது. இனிமே நம்மளால ஆவாது.”

துண்டும் தீர்ந்துவிட்டதால் நானும் விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் ஈரோட்டுக்குப் போனார். அங்கே சந்தையில் சல்லிசாகத் துணி கிடைக்கும், கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்கிறேன் என்று வியாழக்கிழமை கிளம்பினார். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். கடையில் நான் தனியாக இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பனகல் பார்க் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கைத்தறிச் சேலையைக் குவித்துப்போட்டுத் தள்ளுபடியில் விற்றார்கள். எல்லாம் ஒரே ரகம். மயில்கழுத்து உடம்பு, அகலமான கரை. மெட்ராஸில் பாதிப் பெண்கள் அதைத்தான் வாங்கினார்கள் போலிருக்கிறது. அந்தக் கரை என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள்? புளித்தண்ணி நிறம். ரவிக்கையைக் கரை நிறத்தில் போட்டால்தான் அந்தச் சேலை எடுப்பாக இருக்கும். தெருத் தெருவாக அந்த நிறத்தைத் தேடினார்கள். எந்தக் கடையிலும் இல்லை. எந்தப் புத்தியுள்ள கடைக்காரன் அந்த நிறத்தை வாங்கி வைத்திருப்பான்?

சனிக்கிழமை காலை ஜெயபாரதி அந்தப் பதினோரு துண்டையும் அரை மணி நேரத்தில் விற்றுவிட்டாள். நான் அவளுக்கு நஷ்டம் வரட்டும் என்று அனுப்பிய துணி. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் அந்தச் சேலை வாங்கின பெண்கள் தெருவைக் கடந்து என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது ஜானு மாமி. மயிலாப்பூர், எங்கள் பழைய வாடிக்கை, ஜெயபாரதி எதிரே போனதும் கூடவே போய்விட்டவள். மூன்று வருஷம் கழித்து என் படியில் ஏறினாள். பின்னாலேயே நாலைந்து பேர். எல்லோர் பையிலும் அதே சேலை.

“எதுத்தாப்புல சொன்னா, இந்தக் கலர் ஒங்ககிட்டக்க கட்டாவே இருக்காம். எனக்கு ரெண்டு ரவிக்கைக்கு வேணும். எங்காத்துல நாட்டுப்பொண்ணுக்கும் சேத்து” என்றாள் ஜானு மாமி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடம் கட்டாக இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கட்டுகள் வந்தது அவள் எதிரே போன பிறகு. எங்கள் கடைக்குள் அவள் கால் வைத்தே மூன்று வருஷம். துண்டைப் பார்த்துத்தான் தெரிந்திருக்க வேண்டும். தன் கடையில் அந்த நிறம் இல்லை என்று முதல் துண்டிலேயே தெரிந்திருக்கும். ஓரத்தையும் வெட்டின வாகையும் பார்த்து யார் கடைக் கத்தரிக்கோல் என்றும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே பதினொன்றுக்கும் காசு கொடுத்திருக்கிறாள்.

இரண்டு கட்டும் என் காலடியில், முக்காலிக்குக் கீழேதான் இருந்தன. குனிந்து எடுத்துப் போட்டால் அன்று மட்டும் முப்பது ரவிக்கை போயிருக்கும். ஞாயிறு, திங்கள் கூட்டத்தில் இரண்டு கட்டும் காலியாகியிருக்கும். வந்த பெண்கள் வேறு நிறமும் எடுத்திருப்பார்கள். தீபாவளி எங்களுக்குத் திரும்பியிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எடுத்துப் போட்டால், அந்தத் துண்டுகளை அனுப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அதுவும் போகட்டும். அவள் அனுப்பி எனக்கு வியாபாரமா? அவள் பார்த்துப் பிச்சை போட்டு என் கடை நிற்க வேண்டுமா?

“அந்தக் கலர் இல்லை” என்றேன்.

ஜானு மாமி நம்பாமல் அலமாரியை ஒரு தடவை பார்த்தாள். நான் காலால் கட்டை இன்னும் உள்ளே தள்ளினேன். அவள் இறங்கிப் போனாள். பின்னால் வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். அன்று பதினாலு பேர் வந்தார்கள்.

மறுநாள் காலை ஜெயபாரதியே வந்தாள். ஒரு கையில் அந்தச் சேலை. கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள்.

“அக்கா, நல்லாப் பாருங்க. இருக்கும்லா.”

“இருந்தா வச்சுக்கிட்டா இல்லைங்கேன்?”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சேலையின் கரையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“நான் ஒண்ணும் கேக்க வரலக்கா. நடந்தது போகட்டும். பெரியத்தான் வார வரைக்கும் கூட்டம் நிக்காது, இன்னைக்கும் நாளைக்கும்தான். எங்கிட்ட வாரவங்களை எல்லாம் இங்கதான் அனுப்புதேன். உங்களுக்கு எங்கிட்ட பேசப் பிடிக்கலன்னா பேச வேண்டாம். துணிய மட்டும் எடுத்துப் போடுங்க.”

எனக்கு இந்த இடத்தில் கண்ணில் நீர் வந்தது, நான் உருகிப்போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். எனக்கு எரிந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. கண் அவளுக்கு, கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுக்கிற கை அவளுக்கு, இரட்டைப் பிள்ளை அவளுக்கு, கூட்டம் அவளுக்கு. இப்போது பெரிய மனசும் அவளுக்கா? அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா? அவள் வந்து என்னைத் திட்டியிருந்தால், தெருவில் நின்று துண்டுக்கதையைச் சொல்லி என் மானத்தை வாங்கியிருந்தால், நான் அந்தக் கட்டைத் தூக்கி அவள் முன்னால் எறிந்துவிட்டு விற்றிருப்பேன்.

“எங்கிட்ட இல்ல. உன் வேலையப் பாரு” என்றேன்.

போனாள். திங்கட்கிழமையும் நான் அசையவில்லை. நடுவில் ஒரு தடவை மனசு கேட்காமல் கட்டைப் பாதி வெளியே இழுத்தேன். நிமிர்ந்தால் எதிரே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன். சாயங்காலத்துக்குள் யாரோ ஒரு பாண்டி பஜார்க் கடைக்காரன் கிட்டத்தட்ட அந்த நிறத்தில் ஒரு லாரிச் சரக்கே இறக்கிவிட்டான். கூட்டம் அங்கே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் ஈரோட்டிலிருந்து ஒரே ஒரு மூட்டையோடு வந்தார். விலை எட்டவில்லையாம். மூட்டையை இறக்கிவிட்டு, “யாரும் வந்தாங்களா?” என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தீபாவளி வந்தது, போனது. கார்த்திகை பிறந்ததும் கடையைக் காலி செய்வதாகக் கட்டடக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பன்னிரண்டு வருஷக் கடையை ஒரே காலையில் தூக்கி எதிரே வைத்துவிட்டோம். வண்டிகூட வேண்டியிருக்கவில்லை. சுயம்புலிங்கமும் அவரும் கட்டுகளைத் தோளில் சுமந்து தெருவைக் கடந்தார்கள். மீதிச் சரக்கைத் தம்பி விலை போட்டு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் புளித்தண்ணிக் கட்டு இரண்டையும் தனியாக எங்காவது போட்டுவிடலாம் என்று பழைய கோணிக்குள் வைத்திருந்தேன். சுயம்புலிங்கம் கோணியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது ஜெயபாரதி கோணியைப் பிரித்திருந்தாள். முழுசாக ஒன்று, வெட்டினது ஒன்று. பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். அதற்குள் எதிர்க்கடைக்கு வருகிற பெண்கள் சொல்லி அவருக்கு அந்தச் சேலைக்கதை, நிறம் கிடைக்காமல் பட்ட பாடு எல்லாம் தெரியும். எங்களிடம் இருந்தது அதற்கு முன்பே எப்போதோ விற்றுப்போயிருக்கும் என்று நினைத்திருப்பார். அவர் கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கும் முன்பு ஜெயபாரதி பேசிவிட்டாள்.

“இது நான் வாங்கிப் போட்டது, அத்தான். பாண்டி பஜார்ல மிச்சம் கெடந்துதுன்னு போன வாரம் எடுத்தேன். உங்க சரக்கோட கலந்துபோச்சு.”

சிரமமே இல்லாமல், முகம் மாறாமல் சொன்னாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் நம்பியிருப்பார், அல்லது நம்பியதாக வைத்துக்கொண்டிருப்பார். என் மானம் அவள் கையில் பத்திரமாக இருந்திருக்கும். ஆயுசு முழுக்க அவள் அதைக் காப்பாற்றியிருப்பாள், ஒருநாளும் சொல்லிக்காட்டியிருக்க மாட்டாள். அந்த நினைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அவ பொய் சொல்லுதா” என்றேன். “அது நம்ம கட்டுதான். கேட்டு வந்தாங்க. நான்தான் இல்லைன்னு சொன்னேன்.”

சுயம்புலிங்கம் கையிலிருந்த கட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். ஜெயபாரதி கண்ணை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. என்னை அடித்திருந்தாலும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எத்தன பேரு வந்தாங்க?” என்று கேட்டார்.

“மொத நாளு பதினாலு. மறுநாள் எண்ணல.”

“பாரதி அனுப்பினாளா?”

“ஆமா.”

ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரசம் ஆறிப்போன அந்த ராத்திரியிலிருந்தே தெரிந்திருந்ததோ என்னவோ. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து அந்த முழுக் கட்டை எடுத்தார். அலமாரி முன்னால் போய் நின்றார். அங்கே எல்லாம் அவள் அடுக்கி வைத்த வரிசை. அவருக்கு அது பழக்கமில்லை. கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

“பாரதி, இத எங்க வைக்கணும்?” என்று அவளிடம் கேட்டார்.

அவள் ஓர் இடத்தைக் காட்டினாள். அவர் சரி என்று வைத்தார். அடுத்த கட்டை எடுத்துக்கொண்டு, அதற்கும் அவள் கையைப் பார்த்து நின்றார்.